தோட்டாவும் துல்லியமும்

கருவிகளின் வரலாற்றைப் போர்களின் வரலாறாகவே எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. எந்த மன்னன் எந்தப் படைக்கலத்தால் எவனை வென்றான் என்னும் செய்தியே ஏடுகளில் நிறைந்திருக்கிறது. அப்படைக்கலத்தைச் செப்பம் செய்த கை எது, அதனைச் சீராக இயங்க வைக்க அக்கை பட்ட பாடு எத்தகையது என்பவற்றை ஏடுகள் பெரும்பாலும் கூறுவதில்லை. துப்பாக்கியின் கதையும் இவ்வாறே. போர்க்களத்தை விட்டு விலகிக் காகித இலக்கை நோக்கிச் சுடும் போட்டிக்களத்துக்குள் அது புகுந்தபோது, அதன் வரலாறு ஒரு கைத்தொழிலின் வரலாறாக மாறிற்று. தோட்டாவைத் தானே கட்டிக்கொள்வதும், கைத்துப்பாக்கியைத் தன் கைக்கேற்பச் செம்மைப்படுத்திக்கொள்வதும் அக்கைத்தொழிலின் இரு கூறுகள். ஒரு சூடு மற்றொரு சூட்டைப் போலவே அமைய வேண்டும் என்னும் சீர்மையே இவ்விரண்டின் நோக்கமும் ஆகும்.

மலைக்காட்டின் ஊதுகுழல்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், பிரிஞ்சாங் நகரை அடுத்து, கடல்மட்டத்திற்கு 1500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்த சிற்றூர் கியா பார்ம். 1885ஆம் ஆண்டு நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மேட்டுநிலத்தைக் கண்டு அறிவித்தார். 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அக்காலந்தொட்டுத் தமிழ்த் தொழிலாளர் கைகள் இம்மலைச்சரிவுகளில் கொழுந்து கிள்ளி வந்தன. இரண்டு இலையும் ஒரு குருத்துமாக, கூடுதலும் குறைவுமின்றிக் கிள்ள வேண்டும் என்பது அவர்கள் கற்ற முதற்பாடம். ஒரே சீர் என்பதன் அருமையைத் தேயிலைத் தோட்டத்தில் எவருக்கும் தனியே எடுத்துரைக்க வேண்டியதில்லை.

தேயிலை வருவதற்கு நெடுங்காலம் முன்பே இக்காடுகளில் வாழ்ந்தவர்கள் செமாய் முதலிய பூர்வகுடி மக்கள். அவர்களுடைய வேட்டைக்கருவி, மலாய் மொழியில் சும்பித்தான் எனப்படும் ஊதுகுழலாகும். கணுக்களுக்கிடையே மிக நீண்டு வளரும் ஒருவகை மூங்கிலைத் தேர்ந்து, ஒரு குழலுக்குள் மற்றொரு குழலைச் செருகி அதனை அமைப்பர். உட்குழல் வளைவின்றி இருக்க வேண்டும். அம்பு, பனையினத்து மட்டையின் நரம்பிலிருந்து சீவி எடுக்கப்படுவது. அதன் அடியில் மெல்லிய நெட்டி போன்ற பொருளால் ஒரு கூம்பு பொருத்தப்படும். அக்கூம்பைக் குழலின் உள்வாய்க்கு ஏற்பச் செதுக்குவதிலேதான் வேடனின் திறமை அடங்கியிருக்கிறது. கூம்பு பருத்தால் அம்பு சிக்கும். சிறுத்தால் ஊதிய காற்று பக்கவாட்டில் கசிந்துவிடும். காற்றுக் கசியாதிருக்க அம்புக்குப் பின்னே பஞ்சு போன்ற பொருளைச் சிறிது அடைப்பதும் உண்டு.

குழலும், அக்குழலுக்கே அளவெடுத்த எறிபொருளும், பின்னின்று தள்ளும் காற்றும், காற்றைக் கசியவிடாத அடைப்பும் ஆகிய நான்கும் துப்பாக்கிக்கும் பொதுவானவை. மூச்சின் இடத்தில் வெடிமருந்தின் வளி வந்தமர்ந்தது; அவ்வளவே வேறுபாடு. ஆகவே கையால் தோட்டா கட்டும் கலையின் இலக்கணம், வெடிமருந்து இம்மலையை எட்டுவதற்கு முன்னரே, வேறோர் உருவில் இக்காட்டில் வழங்கிவந்தது எனலாம்.

கையே கட்டிய ஒவ்வொரு சூடும்

வெடிமருந்து சீனத்தில் தோன்றியது. 1044ஆம் ஆண்டைச் சேர்ந்த சீனப் படைநூலொன்றில் அதன் சேர்மானங்கள் எழுதப்பட்டுள்ளன. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் கூடிய அக்கரும்பொடி பல நூற்றாண்டுகள் உலகை ஆண்டது. தமிழகத்துப் பாளையக்காரர் படைகளிலும் அது வழங்கிற்று. துப்பாக்கி என்னும் சொல்லே துருக்கிய மொழியிலிருந்து புறப்பட்டுப் பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்ததென்பர். கருவியோடு பெயரும் கடல்கடந்தும் மலைகடந்தும் பயணம் செய்தது.

அக்காலத் துப்பாக்கியின் ஒவ்வொரு சூடும் கையால் கட்டப்பட்டது. குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, குண்டை இட்டு, கோலால் இடித்து இறுக்குவர். மருந்தின் அளவு கண்ணளவாகவும் கையளவாகவும் இருந்தமையால் ஒரு சூடு மற்றொன்றைப் போல அமைவதில்லை. இக்குறையைப் போக்கவே, ஒரு சூட்டுக்குரிய மருந்தையும் குண்டையும் ஒரு காகிதச் சுருளில் முன்கூட்டியே கட்டிவைக்கும் வழக்கம் எழுந்தது. அக்காகிதச் சுருளே முதல் தோட்டா. சீர்மையை நோக்கிய முதல் பெரிய அடியும் அதுவே.

அக்காகிதத் தோட்டா வரலாற்றையே புரட்டியதும் உண்டு. என்பீல்டு துப்பாக்கிக்குரிய தோட்டாவின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டியிருந்தது. அதில் பசு, பன்றி ஆகியவற்றின் கொழுப்புத் தடவப்பட்டிருப்பதாகச் செய்தி பரவியது. 1857 ஏப்பிரல் 24இல் மீரத்துப் பாசறையில் 85 வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தனர். மே 10இல் கிளர்ச்சி வெடித்தது. தோட்டாவைக் கட்டும் கை ஒன்றாகவும் கடிக்கும் வாய் வேறாகவும் இருந்ததே அங்கு நேர்ந்த கேட்டின் ஒரு வேர். அதனுள் இருப்பது யாது என்று கட்டியவனுக்குத் தெரியும். கடிப்பவனோ பிறர் சொல்லை நம்ப வேண்டியிருந்தது. அந்நம்பிக்கை முறிந்தபோது ஒரு பேரரசே ஆட்டங்கண்டது.

பித்தளை உறையும் பற்றுமருந்தும்

தோட்டாவின் அடுத்த வளர்ச்சிக்கு வித்திட்டவர் ஒரு பாதிரியார். ஸ்காத்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்சைத் என்பார், தட்டினால் பற்றிக்கொள்ளும் மருந்தைத் துப்பாக்கியில் பயன்படுத்தும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். இதன் வழியில் வந்ததே பேச்சுவழக்கில் கேப்பு எனப்படும் சிறு மூடி. மழையும் காற்றும் தீப்பொறியை அணைத்துவிடும் தொல்லை அதனால் நீங்கியது.

பின்னர்ப் பித்தளை உறை வந்தது. பற்றுமருந்து, எரிமருந்து, குண்டு ஆகிய மூன்றையும் ஓர் உலோக உறை ஒன்றாகத் தாங்கிற்று. 1866ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்தின் எட்வர்டு பாக்சரும் அமெரிக்காவின் ஹைரம் பெர்டனும் உறையின் நடுவே கேப்பைப் பொருத்தும் இருவேறு முறைகளை வகுத்தனர். பாக்சர் முறையில் உறையின் அடியில் ஒரே துளை. ஒரு மெல்லிய முள்ளால் உள்ளிருந்து தள்ளினால் சுட்டுத் தீர்ந்த கேப்பு வெளியே வந்துவிடும், புதியதைப் பொருத்தலாம். பெர்டன் முறையில் சிறு துளைகள் இரண்டு இருப்பதால் அவ்வளவு எளிதில் அதனை அகற்ற முடியாது. இச்சிறு வேறுபாடே, சுட்ட உறையை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் கைத்தொழில் அமெரிக்காவில் பெருகக் காரணமாயிற்று. அங்கு 1884இல் ஜான் பார்லோ என்பவர் தொடங்கிய ஐடியல் நிறுவனம், பாக்குவெட்டி போன்ற கையடக்கக் கருவிகளைச் செய்து விற்றது. தோட்டா கட்டும் தொழில் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது.

அதே 1884ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் பால் வியேல் புகையற்ற மருந்தைக் கண்டுபிடித்தார். 1889இல் இங்கிலாந்தின் பிரடெரிக் ஏபெலும் ஜேம்சு திவாரும் கார்டைட் என்னும் மருந்தை உருவாக்கினர். அதனைப் பசைபோல் பிசைந்து, இடியாப்ப உரலில் மாவைப் பிழிவதுபோலத் துளைகள் வழியே பிழிந்து, கயிறு கயிறாக எடுப்பர். கயிற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே அதன் பெயர் பிறந்தது. கயிற்றின் பருமன் மாறினால் எரியும் வேகம் மாறும். வேகம் மாறினால் குண்டு சென்றடையும் இடம் மாறும். மருந்தின் வடிவமே அளவாக மாறிய காலம் அது.

நீலமலையில் ஒரு தொழிற்சாலை

இம்மருந்தின் வரலாற்றில் தமிழகத்திற்கும் ஓர் இடம் உண்டு. நீலகிரியில் குன்னூருக்கும் உதகைக்கும் இடையே அருவங்காடு என்னும் ஊரில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஆங்கில ஆட்சி ஒரு கார்டைட் தொழிற்சாலையை நிறுவியது. அருகிலுள்ள காட்டேரி அருவியின் நீராற்றல் அதற்கு மின்சாரம் தந்தது. மலை இரயிலில் செல்வோர் இன்றும் அருவங்காடு நிலையத்தைக் கடந்தே உதகையை அடைகின்றனர்.

தேயிலை விளையும் குளிர்மலையில் வெடிமருந்துத் தொழிற்சாலை அமைந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. இத்தகைய மருந்துகள் வெப்பத்தை அஞ்சுபவை. வெப்பம் மிகுந்தால் விரைந்து எரியும். நெடுநாள் வெப்பத்தில் கிடந்தால் கெட்டழியும். கடலோரத்து வெயிலில் கிடந்த தோட்டாவும் மலைக்குளிரில் இருந்த தோட்டாவும் ஒரே நாளில் ஒரே துப்பாக்கியில் சுடப்பட்டாலும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை.

அருவங்காட்டில் செய்யப்பட்ட மருந்து படைக்கு உரியது, போட்டிக்கு உரியதன்று. ஆயினும் அங்குப் பணிசெய்த கைகள் கற்றதும் சீர்மைப் பாடமே. அத்தகைய தொழிற்சாலையில் ஒருவர் காட்டும் கவனக்குறைவு அவர் ஒருவரோடு முடிவதில்லை என்பதைத் தொழிலாளர் நன்கு அறிவர். பின்னர் 1966இல் திருச்சிராப்பள்ளியில் துப்பாக்கித் தொழிற்சாலை எழுந்தது. மலையில் மருந்தும் சமவெளியில் துப்பாக்கியுமாகத் தமிழகத்தில் இத்தொழில் வேரூன்றியது. 2021ஆம் ஆண்டு இந்திய அரசு தன் படைக்கலத் தொழிற்சாலைகளை நிறுவனங்களாக மாற்றியமைத்தபோது இவ்விரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின்கீழ்ச் சென்றன.

இலக்குக் களம்

குறிசுடுதல் அமைப்புடைய போட்டியாக வளர்ந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 1859இல் இங்கிலாந்தில் தேசியத் துப்பாக்கிச் சங்கம் தோன்றியது. மறு ஆண்டு விம்பிள்டனில் நடந்த முதற்கூட்டத்தில் விக்டோரியா அரசியார் முதற்சூட்டைச் சுட்டார். துப்பாக்கி ஒரு தாங்கியில் பொருத்தப்பட்டிருந்தது. அரசியார் விசையை இயக்கும் கயிற்றை இழுத்ததோடு சரி. குண்டு இலக்கின் நடுவை ஒட்டிப் பாய்ந்தது. மனிதக் கை அசையாதபோது கருவி எவ்வளவு துல்லியமானது என்பதை அந்நிகழ்ச்சி உலகுக்குக் காட்டிற்று.

1896இல் ஏதென்சில் நடந்த முதல் ஒலிம்பிக்கில் கைத்துப்பாக்கிப் போட்டிகளும் இடம்பெற்றன. அமெரிக்கச் சகோதரர்கள் ஜான் பெயின், சம்னர் பெயின் ஆகிய இருவரும் தத்தமக்கு ஒரு தங்கம் வென்றனர். அவர்கள் சில ஆயிரம் தோட்டாக்களைத் தங்களுடன் கொண்டு சென்றார்களென்றும், செலவானவை நூற்றுக்கும் குறைவென்றும் கூறுவர். அறியாத ஊரில் அறியாத தோட்டாவை நம்பக்கூடாது என்பது போட்டியாளர் அன்றே அறிந்த உண்மை.

நடுக்கேப்புத் தோட்டாவால் சுடும் 25 மீட்டர்ப் போட்டியே கையால் கட்டும் தொழிலுக்கு ஏற்ற களம். அதில் வழங்குவது தட்டை முகமுடைய ஈயக்குண்டு. கூர்முனைக் குண்டு காகிதத்தைக் கிழித்துச் செல்லும். தட்டைமுகக் குண்டோ கத்தரித்தாற்போல் வட்டத்துளை இடும். துளையின் விளிம்பு உயர்ந்த வட்டத்தைத் தொட்டதா இல்லையா என்னும் வழக்கை அத்தெளிவான துளை தீர்த்துவைக்கும். காகிதத்தைத் துளைக்கப் பேராற்றல் வேண்டியதில்லை. ஆகவே போட்டித் தோட்டா மெலிந்தது, பின்னுதைப்புக் குறைந்தது. கை அதிராமல் அடுத்த சூட்டுக்கு ஆயத்தமாகும். போருக்கான தோட்டாவும் போட்டிக்கான தோட்டாவும் பிரிந்த இடம் இதுவே.

தோட்டா கட்டுவோன் செய்வன நான்கு. சுட்ட உறையைப் பழைய அளவுக்குக் கொணர்தல், புதிய கேப்பைப் பொருத்துதல், மருந்தை நிறுத்து இடுதல், குண்டை ஒரே ஆழத்தில் அமர்த்துதல். எழுதும்போது எளிது, செய்யும்போது ஒவ்வொன்றும் பிழைக்கு இடந்தருவது. ஓர் உறையில் அறியாது இருமுறை மருந்து விழுந்தால் துப்பாக்கியே வெடித்துச் சிதறக்கூடும். ஆகவே அம்மேசையில் பேச்சுக்கு இடமில்லை, புகைக்கும் இடமில்லை. தராசின் முன் அமர்ந்தவன் தன் பொறுமையையும் சேர்த்தே நிறுக்கிறான்.

கைத்துப்பாக்கியைச் செம்மைப்படுத்துவது இதன் மறுபாதி. நெடுந்துப்பாக்கியைத் தோளில் சாய்க்கலாம். போட்டிக் கைத்துப்பாக்கியையோ நீட்டிய ஒரு கையால் மட்டுமே பிடிக்க வேண்டும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 250 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதாகக் கொள்வோம். அவற்றின் நேர்க்கோடு ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர்த் தொலைவில் குண்டு 40 மில்லிமீட்டர் விலகும். 50 மீட்டரில் 200 மில்லிமீட்டர் விலகும். 10 மீட்டர்க் காற்றழுத்தக் கைத்துப்பாக்கி இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவோ 11.5 மில்லிமீட்டர்தான். எனவே விசையை இழுக்கும் விரல் துப்பாக்கியை அசைத்துவிடாதிருத்தல் வேண்டும். விசைக்குள் ஒன்றோடொன்று உராயும் எஃகுப் பரப்புகளை மெருகேற்றுவதும், பிடியைச் சுடுவோனின் உள்ளங்கைக்கு அளவெடுத்து மரத்தில் செதுக்குவதும் இதற்காகவே.

பிடியும் கையும் எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு அங்கேரி நாட்டுக் கரோலி தகாச்சின் வாழ்வு சான்று. 1938இல் கையெறிகுண்டு வெடித்து அவரது வலக்கை சிதைந்தது. அவர் இடக்கையைப் பழக்கினார். 1948, 1952 ஆகிய இரு ஒலிம்பிக்கிலும் விரைவுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்றார். கருவியை மற்றொரு கைக்கு மாற்றிச் செதுக்கிவிடலாம். சீர்மையை அக்கை புதிதாகக் கற்றாக வேண்டியிருந்தது.

மலாயாவில் தோட்டாவின் விலை

மேலைநாட்டில் வீட்டு மேசைக்கு வந்த இத்தொழில் மலாயாத் தோட்டப்புறத்திற்கு வராமற்போனது ஏன்? விடை வரலாற்றில் உள்ளது. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிருவாகிகள் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. கேமரன் மலையின் காடுகளும் தோட்டங்களும் அப்போரின் நிழலில் கிடந்தன. உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்போருக்கு அவசரகாலச் சட்டம் மரண தண்டனை விதித்தது.

அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராயிருந்த தமிழர் எஸ். ஏ. கணபதி, 1949இல் ரவாங் அருகே கைது செய்யப்பட்டார். அவர்மேல் சாட்டப்பட்ட குற்றம், கைத்துப்பாக்கி ஒன்றும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது. இந்திய அரசு தலையிட்டும் பயனின்றி, 1949 மே 4இல் புடுச் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் ஆறு தோட்டாக்கள் ஓர் உயிருக்கு ஈடாயின. அத்தலைமுறைத் தோட்டத் தமிழரின் நினைவில் தோட்டா என்பது தூக்குக் கயிற்றோடு பிணைந்த சொல்லாயிற்று.

விடுதலைக்குப் பின் 1960ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டமும், 1971ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் குற்றத் தண்டனைச் சட்டமும் அக்கடுமையைத் தொடர்ந்தன. 2023இல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டது. எனினும் கட்டுப்பாடு தளரவில்லை. உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம் என்பதில் இந்தியச் சட்டத்திற்கும் மலேசியச் சட்டத்திற்கும் வேறுபாடில்லை. மருந்தைக் கட்டும் உரிமை யாரிடம் இருக்கவேண்டும் என்னும் வினாவுக்கு, குருதி சிந்திய நாடு ஒன்று அளித்த விடை இது. அவ்விடையின் கடுமையைப் பற்றி வரலாற்றாசிரியர் வாதிடலாம். அது பிறந்த சூழலை மறைத்துவிட்டு வாதிட இயலாது.

மருந்தில்லாத் துப்பாக்கி

கையால் கட்டும் தொழிலின் களம் உலகளவிலும் சுருங்கியது. 1887இல் வந்த பாயிண்ட் 22 தோட்டாவில் பற்றுமருந்து உறையின் விளிம்பிலேயே அடங்கியிருப்பதால் அதனை மீண்டும் நிரப்பும் வழக்கம் இல்லை. அதனைச் செய்யும் உரிமை ஆலைக்கே சென்றது. பின்னர்க் காற்றழுத்தத் துப்பாக்கி வந்து வெடிமருந்தையே விலக்கிவிட்டது. 50 மீட்டர்க் கைத்துப்பாக்கிப் போட்டி 2016ஆம் ஆண்டுக்குப் பின் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. 10 மீட்டர்க் காற்றழுத்தப் போட்டி நிலைபெற்றுவிட்டது.

ஆயினும் பழைய ஒழுக்கம் அழியவில்லை. போட்டியாளர் தம் துப்பாக்கியைப் பிடிபொறியில் இறுக்கி, வெவ்வேறு தொகுதியைச் சேர்ந்த 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டுகளைச் சுட்டுப் பார்த்து, தம் குழலுக்கு இசைந்த தொகுதியையே தேர்வர். கூம்பைக் குழலுக்கு ஏற்பச் செதுக்கும் செமாய் வேடனின் அறிவும் இதுவும் ஒரே மரபின. காற்றழுத்தக் கைத்துப்பாக்கியின் விசை 500 கிராமுக்குக் குறையாத எடையைத் தாங்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. போட்டிக்கு முன் எடைக்கல்லை விசையில் தொங்கவிட்டுச் சோதிப்பர். செம்மைப்படுத்தும் உரிமை உண்டு. அதற்கு எல்லையும் உண்டு.

இவ்வழியில் வந்தவர் சாதனைகள் பல. இந்தியாவின் ஜஸ்பால் ராணா 1994ஆம் ஆண்டு இரோசிமா ஆசிய விளையாட்டில் 25 மீட்டர் நடுக்கேப்புக் கைத்துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்றார். மலேசியாவின் பிபியானா இங் 2010ஆம் ஆண்டு தில்லிக் காமன்வெல்த் விளையாட்டில் பெண்களுக்கான காற்றழுத்தக் கைத்துப்பாக்கிப் போட்டியில் தங்கம் பெற்றார். 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் மலேசியாவின் நூர் சூர்யானி எட்டுத் திங்கள் கருவுற்ற நிலையில் நெடுந்துப்பாக்கி ஏந்திக் களம் புகுந்தார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் அதே காற்றழுத்த நெடுந்துப்பாக்கியால் உலகப் புகழ் பெற்றவர்.

கருவியின் சிறு குறை எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு மனு பாக்கரின் வரலாறு போதும். 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் அவரது கைத்துப்பாக்கி பழுதுபட்டது. அதனைச் செப்பனிடப் பல நிமிடங்கள் வீணாயின. 575 புள்ளிகளுடன் 12ஆம் இடம் பெற்று அவர் வெளியேறினார். பின்னர் ஜஸ்பால் ராணாவிடம் பயிற்சி பெற்று, 2024இல் பாரிசு ஒலிம்பிக்கில் இரு வெண்கலப் பதக்கங்களை வென்றார். நடுக்கேப்புத் தோட்டாவின் காலத்து ஆசான் காற்றழுத்தத் தலைமுறைக்குக் கற்பிக்க இயன்றதெனில், அவர் கற்பித்தது மருந்தையோ உறையையோ பற்றியதாக இருந்திருக்க இயலாது. சுட்ட சூட்டை மறந்து, அடுத்ததை அதே நிலையில், அதே மூச்சில், அதே விரலழுத்தத்தில் மீண்டும் செய்யும் பழக்கமே ஒரு தலைமுறையிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறக்கூடியது.

வெடிமருந்து கையிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து சட்டத்தின் காவலுக்கும் சென்றுவிட்டது. அஃது அங்கேயே இருப்பது நாட்டுக்கு நல்லது. ஆனால் ஒரு செயலை நூறு முறையும் ஒன்றுபோலச் செய்யும் ஒழுக்கத்தை எந்த ஆலையும் செய்து விற்க இயலாது. எந்தச் சட்டமும் பறிமுதல் செய்ய இயலாது. அதனை ஒவ்வொரு கையும் தானே கற்றுக்கொள்ள வேண்டும்.